அரை நாள் பள்ளி

1953 கல்வித் திட்டம் என்று வாயெடுத்தாலே நம்மூரில் இரண்டு பட்டிமன்ற அணிகள் தயார். ராஜாஜி வில்லன், காமராஜர் நாயகன் என்று ஒன்று. ராஜாஜியின் நோக்கம் நல்லதுதான், திரித்துவிட்டார்கள் என்று மற்றொன்று. நோக்கத்தை யார் கண்டது? நம்முன் இருப்பது திட்டம் என்கிற பிரதி. அதை வாசிப்போமே.

அரசாங்கம் வைத்த பெயர், திருத்தப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம். கிராமப் பள்ளிகளுக்கு மட்டும். தினம் மூன்று மணி நேரம், இரண்டு ஷிப்ட். மிச்ச நேரத்தில் பையன் அப்பன் தொழிலைப் பழகணும், பெண்பிள்ளை வீட்டு வேலையை. சொல்லப்பட்ட நியாயம் வெறும் கணக்கு: அதே கட்டடம், அதே வாத்தியார், இரண்டு மடங்கு பிள்ளைகள். சாதியை உச்சரிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் சாதி வேலை செய்கிற இடம் இது. செருப்புத் தைப்பவர் மகனுக்கு அப்பன் தொழில் எது என்று அரசாணையில் எழுதவா வேண்டும்? காந்தியின் ஆதாரக் கல்வியிலும்தான் கைத்தொழில் உண்டு. ஆனால் அது பள்ளிக்குள்ளே, எல்லாப் பிள்ளைகளுக்கும். இங்கே பள்ளிக்கு வெளியே, பிறப்பின் வழியே.

எதிர்த்தவர்கள் இதற்குக் 'குலக்கல்வி' என்று பெயர் வைத்தார்கள். அதை வசை என்கிறவர்கள் உண்டு. தமிழில் நடந்த மிகச் சிறந்த மறுவாசிப்புகளில் ஒன்று என்பேன் நான். பிரதியின் மௌனத்தை ஒரே சொல்லில் பேச வைத்துவிட்டது. 1954இல் ராஜாஜி விலகினார், காமராஜர் வந்தார், திட்டம் போனது.

1956இல் தொடங்கிய மதிய உணவைப் பசியின் கதையாகவே சொல்லி வருகிறோம். (சென்னை மாநகராட்சியில் தியாகராயர் காலத்திலேயே, 1920 வாக்கில், இதற்கொரு முன்னோடி உண்டு.) எனக்கு அது நேரத்தைப் பற்றிய சீர்திருத்தமும்கூட. அரை நாளோடு வீட்டுக்கு அனுப்பப் பார்த்த அதே பிள்ளையை ஒரு தட்டுச் சோறு சாயங்காலம் வரைக்கும் பள்ளியில் உட்கார வைத்தது. அதற்காக இதைப் புனிதமாக்க வேண்டாம். 2018இல்கூடத் திருப்பூர் மாவட்டத்தில், தலித் பெண் சமைக்கக் கூடாதென்று ஆதிக்கசாதியினர் பள்ளி வாசலில் வந்து நின்றார்கள்.

2020 தேசியக் கல்விக் கொள்கை ஆறிலிருந்து எட்டாம் வகுப்புக்குள் பத்து நாள் புத்தகப்பை இல்லாமல் தச்சரிடமும் குயவரிடமும் போகச் சொல்கிறது. மண் பிசைவதில் எனக்கொன்றும் விரோதமில்லை. எந்தப் பள்ளிப் பிள்ளை நிஜமாகவே போகும், எந்தப் பள்ளி அந்தப் பத்து நாளையும் போட்டோ எடுத்துக் கணக்குக் காட்டிவிட்டுக் கோச்சிங் நடத்தும் என்பதுதான் கேள்வி. காசுள்ள வீட்டுப் பிள்ளைக்கு டியூஷன், நீட் பயிற்சி என்று பள்ளி நேரம் ராத்திரி வரை நீள்கிறது. அரசுப் பள்ளியிலோ இருக்கிற நேரமே கரைகிறது. ஒரே வாத்தியார் பல வகுப்புகளைச் சேர்த்து உட்கார வைத்துச் சமாளிக்கிறார். நடுவில் எமிஸ் பதிவு, பயிற்சி, தேர்தல் வேலை. 1953இல் மூன்று மணி நேரம் என்பது ஆணையிலேயே இருந்தது, அதனால் எதிர்க்க முடிந்தது. இன்றைய வெட்டு எந்த ஆணையிலும் இல்லை.

ஆசிரியர் சங்கத்துத் தோழர்கள் ஒரு காரியம் செய்யலாம். ஒரு ஒன்றியத்தில், ஒரே ஒரு மாதம், பாடம் நடத்தியது எத்தனை மணி, மற்றதற்குப் போனது எத்தனை மணி என்று நோட்டுப் போட்டு எழுதட்டும். பக்கத்து மெட்ரிக் பள்ளியின் கால அட்டவணையையும் அதன் அருகிலேயே ஒட்டி வைக்கட்டும்.