அறைக்குள் இருந்த பிள்ளை: ‘அடோலசன்ஸ்’ தொடரும் எங்கள் வாசிப்பும்

“இந்தத் தடவ நாங்க இல்ல டீச்சர்.” நெட்பிளிக்ஸில் வந்த ‘அடோலசன்ஸ்’ தொடரைப் பார்த்துவிட்டு எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவர் சொன்ன முதல் வார்த்தை இது. அவர் சொன்னது எல்லாருக்கும் விளங்கியது. மேற்கத்தேயத் தொடர்களில் இணையத்தில் கெட்டுப்போய் ஆயுதம் தூக்கும் பையன் என்றால் அவனுக்குப் பெரும்பாலும் எங்களுடைய பெயர்தான் இருக்கும். இதில் அவன் பெயர் ஜேமி மில்லர். குழாய் வேலை செய்யும் ஓர் ஆங்கிலேயத் தகப்பனின் 13 வயது மகன். அந்த நண்பரின் நிம்மதியை நான் குறை சொல்லவில்லை. 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு பஸ்ஸில் பக்கத்து ஆசனம் காலியாகக் கிடந்த நாட்களைப் பார்த்தவர்களுக்கு அப்படியொரு நிம்மதி வரத்தான் செய்யும். ஆனால் அந்த நிம்மதியோடு இத்தொடரைப் பார்த்தால் பாதியைத்தான் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

‘அடோலசன்ஸ்’ 2025 மார்ச் 13ஆம் திகதி வெளியானது. நான்கே பாகங்கள். எழுதியவர்கள் ஜாக் தோர்னும் ஸ்டீபன் கிரஹாமும். இயக்கியவர் பிலிப் பரன்டினி. தகப்பன் எடியாக நடிப்பதும் கிரஹாம்தான். ஜேமியாக நடித்த ஓவன் கூப்பர் 15 வயதில் எமி விருது பெற்றார். விடிகாலையில் பொலிஸார் கதவை உடைத்து வருகிறார்கள். தன் வகுப்பு மாணவி கேட்டியைக் கத்தியால் குத்திக் கொன்றதாக அந்தச் சின்னப் பையனைக் கட்டிலிலிருந்து கூட்டிப் போகிறார்கள். முதற் பாகம் முடிவதற்குள் அவன்தான் செய்தான் என்பது தெரிந்துவிடுகிறது. மிச்ச மூன்று பாகங்களும் ‘யார்’ என்று தேடுவதில்லை, ‘ஏன்’ என்றுதான் கேட்கின்றன.

ஒவ்வொரு பாகமும் வெட்டே இல்லாமல் ஒரே ஷொட்டில் எடுக்கப்பட்டது. இதை வித்தை என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வழமையான நாடகத்தில் தாங்க முடியாத ஒரு இடம் வந்தால் கமரா வேறு முகத்துக்குத் தாவிவிடும். இங்கே தாவ இடமில்லை. பிள்ளையைச் சோதனை போடும்போது தகப்பன் சுவரோரம் நிற்கிறார். நாமும் நிற்க வேண்டியதுதான்.

பிரித்தானியாவில் இத்தொடர் பெரிய விவாதமானது. பிரதமர் கியர் ஸ்டார்மர் தன் பிள்ளைகளோடு பார்த்ததாகச் சொன்னார். இடைநிலைப் பாடசாலைகளில் இலவசமாகக் காட்டும் ஏற்பாட்டை ஆதரித்தார். இன்னொரு பக்கம், சவுத்போர்ட் கொலையாளியின் கதையை எடுத்து அவனை வெள்ளைக்காரனாக மாற்றிவிட்டார்கள் என்று ஒரு கதை பரவியது. 2024 ஜூலை 29ஆம் திகதி சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டபோது கொலையாளி ஒரு முஸ்லிம் அகதி என்று பொய்ச் செய்தி பரவி, அடுத்த நாள் அவ்வூர்ப் பள்ளிவாசல் தாக்கப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தொடரின் கதை எந்தவொரு தனிச் சம்பவத்திலிருந்தும் எடுக்கப்பட்டதல்ல என்று ஜாக் தோர்ன் மறுத்தார்.

எங்கள் பக்க விவாதத்தில் நான் மூன்று குரல்களைக் கேட்டேன். ஒன்று, மேலே சொன்ன “நாங்க இல்ல”. இரண்டாவது, “தீன் இல்லாத வீடு, வேற என்ன நடக்கும்?” மூன்றாவதைச் சொன்னவர்களில் பெண்களும் இருந்தார்கள்: “அந்தப் புள்ளையும் சும்மா இல்ல தானே, அவன கேலி பண்ணின தானே?”

மூன்றாவதை முதலில் எடுக்கிறேன். அது தொடரைத் தவறாக வாசித்ததால் வந்தது. இரண்டாம் பாகத்தில் பொலிஸ் அதிகாரி பாஸ்கோம் பாடசாலைக்குப் போகிறார். ஜேமியின் இன்ஸ்டகிராம் படத்துக்குக் கீழே கேட்டி போட்டிருந்த சின்னச் சின்னச் சித்திரக் குறிகளைப் பார்த்து இருவரும் நட்பாக இருந்தார்கள் என்று அவர் நினைத்திருக்கிறார். அதே பாடசாலையில் படிக்கும் அவருடைய சொந்த மகன் ஆடம் ஒதுக்கமாகக் கூப்பிட்டு, “அதுக்கு அர்த்தம் அதில்ல” என்கிற மாதிரி விளக்குகிறான். சிவப்பு மாத்திரைக்கு ஓர் அர்த்தம், நூறு என்ற இலக்கத்துக்கு இன்னோர் அர்த்தம். எந்தப் பெண்ணும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டாத ஆண் என்று அவள் அவனைப் பழித்திருக்கிறாள். அதைக் கேட்டுவிட்டுப் பலர் அங்கேயே நின்றுவிட்டார்கள்: அவள் பழித்தாள், அவன் குத்தினான்.

ஆனால் மூன்றாம் பாகம் மீதியைச் சொல்கிறது. ஓர் அறை, ஒரு மேசை, உளவியலாளர் பிரையனி, ஜேமி. என்னைக் கேட்டால் முழுத் தொடரிலும் சிறந்தது இந்தப் பாகம்தான். சுடச்சுடச் சொக்லட் பானம் குடித்துக்கொண்டு பகிடி விடும் பிள்ளை, ஒரு கணத்தில் எழுந்து நின்று மிரட்டுகிறான். அவள் பயந்ததைக் கண்டு சிரிக்கிறான். அந்தப் பேச்சுக்கு நடுவில்தான் அது வெளியே வருகிறது. கேட்டியின் அந்தரங்கப் படம் பையன்களுக்கிடையில் சுற்றியிருக்கிறது. அவள் அவமானப்பட்டுக் கிடக்கும் நேரத்தில் போனால் இலகுவாகச் சம்மதிப்பாள் என்று கணக்குப் போட்டுத்தான் ஜேமி அவளிடம் போயிருக்கிறான். அவள் மறுத்தாள். கேலி அதற்குப் பிறகு வந்தது. வரிசையை மாற்றி வாசித்தால் குற்றவாளியும் மாறிவிடுவார். எங்கள் ஊர்களிலும் ஒரு பிள்ளையின் படம் வட்ஸ்அப்பில் சுற்றினால் படிப்பு நிற்பது அவளுக்குத்தான், சுற்றவிட்டவனுக்கு அல்ல. அந்த வாசிப்புப் பழக்கத்தோடுதான் நாங்கள் தொடரையும் வாசித்திருக்கிறோம்.

இதில் தொடருக்கும் பங்கிருக்கிறது. கேட்டிக்கு அதில் ஒரு காட்சியாவது இல்லை. காணொளியில் மங்கலாக வந்து போகிறாள். இரண்டாம் பாகத்தில் வரும் பெண் பொலிஸ் அதிகாரி, எல்லாருக்கும் ஞாபகம் இருக்கப்போவது ஜேமியைத்தான் என்று கசப்போடு சொல்கிறாள். ஆனால் குறையைத் தெரிந்துவைத்திருப்பது வேறு, அதைத் திருத்துவது வேறு. அவளுடைய தோழி ஜேட் வெடித்துக் கத்தும் இரண்டொரு இடங்களில்தான் செத்துப்போனவள் ஒரு மனுஷி என்ற உணர்வு வருகிறது. இன்னொன்று: ஜேமி பார்த்த ஒரு வீடியோவைக்கூடத் தொடர் எங்களுக்குக் காட்டுவதில்லை. விஷத்தின் பெயர் மட்டும் சொல்லப்படுகிறது. அது ஏன் இனித்தது என்பது சொல்லப்படவில்லை.

இரண்டாவது குரலுக்கு நான்காம் பாகம் பதில் சொல்கிறது. அது நல்ல வீடு. தன்னைத் தன் வாப்பா அடித்த மாதிரி தன் மகனை அடிக்கக்கூடாது என்று முடிவெடுத்த தகப்பன் எடி. குடிகாரனோ பொறுப்பில்லாதவனோ அல்ல. அவனும் மனைவியும் கட்டிலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறார்கள். மகன் அறைக்குள் இருந்தான், கதவு பூட்டியிருந்தது, நடுச்சாமத்திலும் வெளிச்சம் தெரிந்தது. கணினி வாங்கிக் கொடுத்ததும் நாங்கள்தான். வெளியே சுற்றாமல் வீட்டுக்குள்தானே இருக்கிறான், பத்திரம்தானே என்று நினைத்தோம்.

இந்த இடத்தில் எனக்கு எங்கள் வீடுகள்தான் தெரிந்தன. 2018 மார்ச்சில் திகனயில் தொடங்கிய தீ அக்குறணை வரை வந்தபோது, அலவத்துகொடையில் நாங்கள் விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளை உள்ளறையில் வைத்திருந்தோம். அடுத்த வருடம் ஈஸ்டர் தாக்குதல்களுக்குப் பிறகு, “மகன், வெளிய போகாதீங்க” என்று சொல்லாத உம்மா இல்லை. அதற்கு அடுத்த வருடம் கொரோனா வந்து பாடசாலைகள் மூடின; பாடம் வட்ஸ்அப்பில் வந்தது; நகையை அடகு வைத்தாவது ஒரு போன் வாங்கினோம். பயத்தால் பிள்ளையை அறைக்குள் வைத்தோம், படிப்புக்காக அந்த அறைக்குள் போனைக் கொடுத்தோம். எதுவும் கெட்ட எண்ணத்தில் நடக்கவில்லை. எடி வீட்டிலும் அப்படித்தான்.

ஆகவே இத்தொடரின் உண்மையான பொருள், பகிரங்கமாக எழுதியிருந்ததைப் பெரியவர்களால் வாசிக்க முடியாமல் போனது என்றே நான் நினைக்கிறேன். அந்தக் குறிகள் இரகசியமாக ஒளித்து வைக்கப்பட்டவை அல்ல. படத்துக்குக் கீழே எல்லாரும் பார்க்கக் கிடந்தவை.

வாசிக்கத் தெரியாமையின் விலை இந்நாட்டு முஸ்லிம்களுக்குப் புதிதல்ல. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் சாப்பாட்டில் இருந்த மாவுக் கட்டியை ஆளை மலடாக்கும் மாத்திரை என்றார்கள். சிங்களம் சரிவரத் தெரியாத கடைக்காரர் தடுமாறிச் சொன்ன பதில் வீடியோவாகி ஒப்புதல் வாக்குமூலம் போலப் பரவியது. அப்படியொரு மாத்திரையே உலகத்தில் இல்லை. அடுத்த வாரமே கண்டி. தெல்தெனியவில் எங்கள் இளைஞர்கள் நால்வர் ஒரு சிங்கள லொறிச் சாரதியைத் தாக்கி அவர் இறந்துபோனதும் அதன் தொடக்கத்தில் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு இக்கதையைச் சொல்லக்கூடாது. பிறகு எங்களைக் கொல்லச் சொல்லிச் சிங்களத்தில் எழுதப்பட்ட பதிவைப் பேஸ்புக்குக்கு முறைப்பாடு செய்தபோது, அது விதிகளை மீறவில்லை என்று பதில் வந்தது. அங்கே அதை வாசிக்கப் போதிய ஆட்கள் இருக்கவில்லை. 2020இல் அந்நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. எரிந்த கடைகள் அப்போது இரண்டு வருடப் பழையவை.

சஹ்ரானின் உரைகளும் இரகசியமாக இருக்கவில்லை. யூடியூபிலும் பேஸ்புக்கிலும் இருந்தன; எங்கள் தமிழில், நல்ல ஓட்டமான தமிழில். காத்தான்குடியில் அதைக் கேட்டு விளங்கி முறைப்பாடு செய்தவர்கள் இருந்தார்கள். கேட்டும் கேளாத மாதிரி இருந்தவர்களும் இருந்தார்கள். 2018 டிசம்பரில் மாவனல்லைப் பக்கம் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டபோதாவது நாங்கள் எங்கள் பிள்ளைகள் என்ன கேட்கிறார்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

அதற்கு மறுபக்கமும் ஒன்றுண்டு. வாசிக்கத் தெரியாதவன் கையில் அதிகாரம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அஹ்னாப் ஜஸீம் சாட்சி. ‘நவரசம்’ என்ற கவிதைத் தொகுதிக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதான இளம் ஆசிரியர் அவர். வன்முறைக்கு எதிரான கவிதைகளைக் கொண்ட நூல் தீவிரவாத நூலாக வாசிக்கப்பட்டது. ஒன்றரை வருடத்துக்கு மேல் உள்ளே இருந்து 2021 டிசம்பரில் பிணையில் வந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. பிள்ளைகளின் போனைப் பறித்துத் துருவ வேண்டும் என்று இத்தொடரைப் பார்த்துவிட்டுச் சொல்பவர்கள் இதை நினைவில் வைத்தால் நல்லது. சந்தேகத்தோடு துருவுவதற்குப் பெயர் வாசிப்பு அல்ல. அப்படித் துருவினால் கவிதையிலும் குண்டுதான் தெரியும்.

இனி என் பங்கு. தொடரைப் பார்த்து முடித்த இரவில் எனக்கு ஒரு கட்டுரைக் கொப்பி ஞாபகம் வந்தது. பத்தாம் தரத்துக்குப் ‘பெண் கல்வி’ என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். ஒரு பையன் பெண் என்பவள் ஆணின் உடைமை, மரியாதை என்பது பயத்தில் வருவது என்று நல்ல கையெழுத்தில் எழுதியிருந்தான். நான் இரண்டு ஒற்றுப்பிழைகளுக்குச் சிவப்புக் கோடிட்டு, ‘மேற்கோள் சேர்க்கவும்’ என்று எழுதி இருபதுக்குப் பதினான்கு போட்டிருக்கிறேன். பேராதனையில் தமிழ் சிறப்புப் பட்டம் படித்த கையால்.

அடுத்த வாரம் அவனைக் கூப்பிட்டேன். எங்கே கேட்டாய் என்றதும் தயங்காமல் சொன்னான்: அன்ட்ரூ டேட். தொடரிலும் அடிபடும் பெயர். 2022 ஒக்டோபரில் தான் இஸ்லாத்தை ஏற்றதாக அறிவித்தவர். ருமேனியாவில் ஆட்கடத்தல், பாலியல் குற்றச்சாட்டுகளுக்கு முகங்கொடுப்பவர், அவற்றை மறுக்கிறார். “அவரு எங்கட ஆள் தானே டீச்சர். காபிர்கள் பிடிக்காமத் தான் மாட்டுறாங்க” என்றான். “நாங்க இல்ல” என்று ஆசிரியர் அறையில் சொன்ன வார்த்தை எனக்கு அப்போது காதில் கேட்டது. நாங்கள் இல்லாத கதை இல்லை இது. ஜேமிக்கு அந்தச் சரக்கு பச்சையாகப் போனது; எங்கள் பையனுக்கு அது தொப்பி போட்டுக்கொண்டு வருகிறது. தீன் இல்லாத வீடு என்று சொல்பவர்களுக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். அந்தப் பையன் ஐந்து நேரமும் பள்ளிக்குப் போகிறவன். மனைவியோடு ஓட்டப் பந்தயம் வைத்த, வீட்டு வேலை செய்த ஒரு நபியை அவனுக்கு நாங்கள் கதையாகக்கூடச் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் இன்னொருவர் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

இத்தொடரைப் பாடசாலையில் காட்டலாமா என்று என்னிடம் கேட்டார்கள். பிள்ளைகளுக்கு வேண்டாம், அது பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் எடுத்த படம். பள்ளி நிர்வாகங்கள் ஒரு மாலை வாப்பாமாரைக் கூட்டி மூன்றாம் பாகத்தை மட்டும் சிங்கள, தமிழ் விளக்கத்தோடு காட்டினாலே போதும். இரண்டு குறைகளோடும் இது அண்மையில் நான் பார்த்தவற்றில் அதிகம் யோசிக்க வைத்த தொடர்.

அந்தப் பையனுக்கு நான் ஏசவில்லை. அவன் பார்ப்பதில் ஒரு வீடியோவைத் தேர்ந்தெடுத்து, அதில் சொல்லப்படுவதை அப்படியே தமிழில் எழுதி வரச் சொன்னேன். ஒன்றரைப் பக்கம் எழுதி வந்தான். இம்முறை ஒற்றுப்பிழையைத் தொடவில்லை. எனக்கு விளங்காத மூன்று சொற்களின் கீழே கோடு போட்டு, “இதெல்லாம் என்ன மகன்?” என்று கேட்டேன். அவன் ஆச்சரியமாகப் பார்த்தான். பிறகு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.