பேரனும் பெயரும்

மகன் வழியிலோ மகள் வழியிலோ பிறந்த பிள்ளையைப் பேரன் என்கிறது தமிழ். பெயரன் என்பதே பேரன் என மருவிற்று; பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். உறவுக்குச் சொல் அமைத்த முன்னோர் அச்சொல்லுக்குள்ளேயே குடும்ப வரலாற்றையும் பொதிந்து வைத்தனர். ஆயினும், பாட்டனுக்கு மேல் பூட்டன் யார் என்று கேட்டால் விடை சொல்லத் தெரிந்த வீடு இன்று சிலவே. கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் வாழும் தமிழரிடையே இக்குறையை உணர்ந்தோர் உண்டு. பள்ளியிலோ அலுவலகத்திலோ வேலை பார்த்து, ஓய்ந்த பொழுதில் தம் குடும்பத்தின் வழியைத் தேடுவோர் அவர்கள். அம்முயற்சி பாராட்டுக்குரியது. எனினும் பாராட்டோடு நின்றுவிடாமல், அது எவ்வகையில் நடைபெறுகிறது, எவ்வகையில் நடைபெற வேண்டும் என்று ஆராய்வதே அதற்குச் செய்யும் மரியாதையாகும்.

பிரிக்பீல்ட்சும் கிள்ளானும்

தேடுவோர் முதலில் உணர வேண்டியது, எல்லாத் தமிழ்க் குடும்பங்களும் தாளில் ஒரே அளவாகப் பதியவில்லை என்பதே. பிரிக்பீல்ட்சை எடுத்துக்கொள்வோர்க்கு வழி ஓரளவு தெளிவானது. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றின் அக்கரையில் உள்ள புக்கிட் கூடா வரை 1886-இல் இருப்புப்பாதை போடப்பட்டது. 1890-இல் அது ஆற்றைக் கடந்து கிள்ளானை அடைந்தது. இரயில்வேக்கும் அரசுப் பணிமனைகளுக்கும் ஆங்கிலம் கற்ற எழுத்தர் தேவைப்பட்டனர். வட்டுக்கோட்டையில் 1823-இல் செமினரி தோன்றிய காலந்தொட்டு ஆங்கிலக் கல்வியில் முன்நின்ற யாழ்ப்பாணத்திலிருந்து அவர்கள் வந்தனர். அரசு ஊழியர்க்கென 1905-இல் எழுந்த நூறு வீடுகளும், 1904-இல் நிறுவப்பெற்ற விவேகானந்த ஆசிரமமும், ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலும் அக்காலத்து வாழ்வின் அடையாளங்கள். நூறு வீடுகள் இன்று இல்லை. ஆனால் அவற்றில் வாழ்ந்த எழுத்தரின் பெயர் பணிப்பதிவில் இருக்கும். ஊதிய உயர்வும் ஓய்வூதியமும் அரசிதழில் இருக்கும். மகன் படித்த பள்ளியின் ஆண்டுமலரில் ஒரு வரியேனும் இருக்கும்.

கிள்ளானைச் சூழ்ந்த இரப்பர்த் தோட்டங்களின் நிலை வேறு. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. அதன் செலவில் ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களின் வழியாகக் கப்பலேறி வந்தவர்கள், கங்காணியின் கூட்டத்தில் ஒரு தலையாகவே எண்ணப்பட்டனர். விடியற்காலைப் பெரட்டில் கிராணி கூப்பிட்ட பெயரே செக்ரோலில் ஏறிற்று. தந்தை பெயர் என்ன, ஊர் எது, உடன் வந்தவர் யார் என்று கேட்க வேண்டிய தேவை தோட்டத்துக்கு இல்லை. தென்னாப்பிரிக்காவின் நேத்தாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற ஏறத்தாழ 1,52,000 பேர்க்கும் கப்பற் பட்டியல் உண்டு. அதில் பெயர், தந்தை பெயர், வயது, ஊர் ஆகியவை எண்ணிட்டு எழுதப்பட்டுள்ளன. கங்காணி முறையில் மலாயாவுக்கு வந்தவர்க்கு அத்தகைய ஒழுங்கான பதிவு கிடைப்பதரிது. ஆகவே, பேரன் இன்று ஆவணக் காப்பகத்தில் வெறுங்கையுடன் எழுந்தால் அதற்குக் காரணம் அவன் சோம்பல் அன்று. அவன் பாட்டனைப் பற்றி எழுதி வைக்க வேண்டியவர் எழுதி வைக்கவில்லை.

ஓர் ஆசிரியரின் முன்மாதிரி

இத்துறையில் ஓய்வுநேர உழைப்பின் பெருமைக்கு எடுத்துக்காட்டு எஸ். துரைராஜசிங்கம். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர் அவர். மலாயாவின் இடப்பெயர்களைத் தேடித் தொகுத்தார். கலைஞானி ஆனந்த குமாரசுவாமியைப் பற்றிய செய்திகளைப் பல்லாண்டு திரட்டினார். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இலங்கையர் வாழ்ந்த 1867 முதல் 1967 வரையிலான நூறாண்டுகளைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் தொகுத்த நூல் 1968-இல் வெளிவந்தது. பல்கலைக்கழகத் துறை ஒன்று செய்திருக்க வேண்டிய வேலையைத் தனிமனிதர் ஒருவர் ஆர்வத்தினால் செய்தார். அதனை மறவாமல் போற்ற வேண்டும்.

போற்றியபின், அவ்வகைத் தொகுப்புகளின் இயல்பையும் அறிதல் வேண்டும். தொகுப்பாளன் எத்துணை விரிந்த உள்ளத்தினனாயினும் அவன் கைக்கு எட்டுவது தாளில் நின்ற பெயரே. பதவி பெற்றவர், சங்கத் தலைவர், நிழற்படத்தின் முன்வரிசையில் அமர்ந்தவர் ஆகியோர் எளிதில் இடம்பெறுவர். பின்வரிசையில் நின்றவரும், படம் எடுத்த வேளையில் அடுக்களையில் இருந்தவரும் இடம்பெறுவது அரிது. மறுபுறம், கெர்னைல் சிங் சந்து 1969-இலும் சின்னப்பா அரசரத்தினம் 1970-இலும் வெளியிட்ட ஆய்வு நூல்கள் குடியேற்றத்தின் முழு வரலாற்றையும் ஆராய்கின்றன. அங்கே கூலிகள் எண்ணிக்கையாக வருகின்றனர். ஒன்றில் பெயருண்டு, அது சிலர் பெயர். மற்றொன்றில் எல்லாரும் உண்டு, பெயர் இல்லை. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வெற்றிடமே குடும்ப வரலாறு தேடுவோனின் களம்.

பாட வேறுபாடு

தாள் கைவிட்ட இடத்தில் வாய்மொழி கைகொடுக்கும். ஆனால் வாய்மொழியை எப்படி ஏற்பது? இங்கேதான் பலர் தவறுகின்றனர். சிலர் பாட்டி சொன்னதெல்லாம் மெய் என்பர். வேறு சிலர் சான்றில்லாப் பேச்சு என்று தள்ளுவர். இரண்டும் பிழை. தமிழாசிரியர்க்கு இதைவிடச் சிறந்த வழி ஒன்று முன்பே தெரியும். டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோதும், பின்னர் புறநானூறு முதலியவற்றைப் பதிப்பித்தபோதும் கையாண்ட வழி அது. ஏடுகளைத் தேடி ஊரூராக அலைந்தார், ஒன்றோடொன்று ஒப்பிட்டார், வேறுபாடுகளைக் குறித்தார். பிழைபட்ட ஏட்டையும் அவர் எறிந்துவிடவில்லை. அவரே தம் வரலாற்றை எழுதப் புகுந்தபோது ஊரையும் முன்னோரையும் சொல்லியே தொடங்கினார் என்பதும் இங்கு நினையத்தக்கது. குடும்பத்தில் பாட்டி ஓர் ஏடு. சித்தப்பா மற்றோர் ஏடு. பிறப்புப் பத்திரம் இன்னோர் ஏடு. குடும்ப வரலாறு எழுதுவோன் பதிப்பாசிரியனைப் போல் இருத்தல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டால் இது விளங்கும். ‘தாத்தா 1915-இல் ரஜுலாக் கப்பலில் வந்தார்’ என்று ஒரு வீட்டில் சொல்வதாகக் கொள்ளலாம். நாகப்பட்டினத்திற்கும் மலாயாத் துறைகளுக்கும் இடையே ஓடிய ரஜுலா கட்டப்பட்டதே 1926-இல். எனவே, ஆண்டு தவறு அல்லது கப்பல் தவறு. மற்றொரு வீட்டில், ‘1947-இல் கங்காணி கூட்டி வந்தார்’ என்பர். உதவிப் பணத்தில் கூலிகளை அனுப்புவதை இந்திய அரசு 1938-இலேயே தடுத்துவிட்டது. ஆகவே அக்கூற்றும் அவ்வண்ணமே நிற்காது. இத்துடன் நின்றால் அது வெறும் குற்றங்காணல் ஆகும். நல்ல பதிப்பாசிரியன் மேலும் கேட்பான்: ரஜுலா என்ற பெயர் ஏன் வந்தது? நாற்பதாண்டுக்கு மேல் அக்கடலில் ஓடிய அக்கப்பலின் பெயர், அவ்வீட்டார் நாவில் கப்பல் என்பதற்கே பொதுப்பெயராகியிருக்கலாம். அல்லது தாத்தா ஊருக்குப் போய்ப் பெண்ணெடுத்துத் திரும்பிய இரண்டாம் பயணம் முதற்பயணத்தோடு கலந்திருக்கலாம். பிழையும் ஒரு செய்தி சொல்கிறது. அதனைத் திருத்தி அழித்துவிட்டால் அச்செய்தியும் அழியும்.

எழுத்திலும் இதே கவனம் வேண்டும். லகர, ளகர, ழகரங்கள் மூன்றும் ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஓரெழுத்தாயின. வேலாயுதம் என்ற பெயர் ஒரு கிராணியிடம் ‘வி’ எழுத்திலும் மற்றொருவரிடம் ‘டபிள்யூ’ எழுத்திலும் தொடங்கிற்று. தகர டகர வேறுபாடும் மறைந்தது. ஒரே மனிதர் மூன்று தாள்களில் மூன்று மனிதராகக் காணப்படுவதற்கு இதுவே காரணம். ஒலியியல் கற்ற தமிழாசிரியர் இம்மூவரையும் ஒருவராக்க வல்லவர். வேறு துறையினர்க்கு இது எளிதன்று. தோட்டங்களுக்கும் இரு பெயர் உண்டு: நிலப்படத்தில் ஆங்கிலப் பெயர், லயத்தில் தமிழர் வைத்த பெயர். பாட்டி சொல்லும் தோட்டம் படத்தில் இல்லையென்றால் பாட்டி பொய் சொல்லவில்லை. படம் வரைந்தவன் பாட்டியிடம் கேட்கவில்லை. போர்ட் சுவெட்டன்ஹாம் 1972-இல் போர்ட் கிள்ளான் ஆயிற்று. பிரிக்பீல்ட்ஸ் சாலை துன் சம்பந்தன் பெயரைப் பெற்றது. சீபீல்ட் தோட்டத்தில் 1970-களில் சுபாங் ஜெயா எழத் தொடங்கிற்று. ஊரும் பெயர் மாறிய இடத்தில் ஆளின் பெயரைத் தேடுவோன் பழைய பெயர்களையும் கையில் வைத்திருத்தல் வேண்டும்.

பெண்வழி

குடும்ப மரம் வரைவோரிடம் காணும் பெருங்குறை ஒன்று உண்டு. தந்தை, தந்தையின் தந்தை என்று ஆண்வழியே ஏறி, பெண்களை ‘மனைவி’ என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுவர். மலேசிய வழக்கோ இதற்கு மாறான வசதி ஒன்றைத் தருகிறது. ஆங்கிலேயர் வழக்கில் மணமான பெண் தந்தை பெயரை விட்டுக் கணவன் பெயரை ஏற்பாள். இங்கே ‘இன்னார் மகள்’ என்ற குறிப்பு அடையாள அட்டையில் மணத்திற்குப் பின்னும் நிற்கிறது. ஆகவே ஒரு தாயின் அட்டை அவள் தந்தையின் பெயரைக் காட்டும். அது வேறொரு குடும்பத்தின் வாயிலைத் திறக்கும். திறந்திருக்கும் வாயிலைக் கடந்து செல்பவர் பலர். பால்மரம் வெட்டிய கையும், பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டு வெளிக்காட்டுக்குச் சென்ற காலும் வரலாற்றுக்கு உரியன அல்லவோ?

பெயரில்லா இடம்

1942, 1943 ஆகிய ஆண்டுகளில் சயாம் இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டவரை நினைக்கும்போது இத்தேடல் வெறும் பொழுதுபோக்கு அன்று என்பது விளங்கும். காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேர் அடங்கியுள்ளனர். அவர்களுள் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல் உண்டு. அவர்களினும் மிகுதியாக மாண்ட ஆசியத் தொழிலாளர்க்கு, அவர்களிற் பல்லாயிரவரான மலாயாத் தமிழர்க்கு, அவ்வாறு கல் இல்லை. முழுமையான பட்டியலும் இல்லை. ‘சயாமுக்குப் போனவர் திரும்பவில்லை’ என்ற ஒரு தொடரே பல வீடுகளில் எஞ்சிய ஆவணம். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ முதலிய புதினங்கள் அவ்வெற்றிடத்தை நோக்கி எழுந்தவை. புதினம் தனிமனிதனுக்குச் சான்றாகாது. ஆனால் என்ன கேட்க வேண்டும் என்பதை அது கற்பிக்கும்: யாருடன் போனார், எந்தத் தோட்டத்திலிருந்து, யார் செய்தி கொண்டுவந்தார் என்று. அக்கேள்விகளைக் கேட்கும் பேரன், பட்டியலில் விடுபட்ட ஒரு பெயரையேனும் மீட்பான்.

1969 முதல் வேலை உரிமம் கிடையாத குடியுரிமையற்றோர் பலர் இந்தியாவுக்குத் திரும்பினர். பிறப்பு ஆவணமின்றிக் குடியுரிமைக்கு அலைந்தவர் கதையும் பல வீடுகளில் உண்டு. அக்குடும்பங்களில் ஒரு பழைய சீட்டு பெருமைக்குரிய பொருள் அன்று, வாழ்வுக்குரிய பொருள்.

விலக்க வேண்டுவன

இத்துணைப் பயனுள்ள முயற்சியைக் கெடுப்பவை இரண்டு. முதலாவது, முன்னோரை உயர்த்தும் ஆசை. கூலியாய் வந்தவரைக் கங்காணியாக்குவதும், கங்காணியை மிராசுதாராக்குவதும் அவ்வாசையின் வேலை. உழைத்து வாழ்ந்தவரை உள்ளவாறு சொல்ல நாணுவது அவர்க்குச் செய்யும் அவமதிப்பே. இரண்டாவது, சாதிப் பெருமை. பழைய பதிவுகளில் சாதி எழுதப்பட்டிருக்கும்; அதனைச் சான்றாகக் குறிப்பது ஆய்வு. அதனை வைத்து இன்று உறவு தேடுவதும் விலக்குவதும் ஆய்வாகா. ஒரே லயத்தில் ஒட்டிய சுவருக்கு இருபுறமும் இருந்து பஞ்சகாலத்தில் மரவள்ளிக்கிழங்கைப் பகிர்ந்துண்டவரின் பேரர், ஏடு தேடிப் பிரிவைப் புதுப்பிப்பது பொருந்தாது.

செய்யத்தக்கது பெரிதன்று. ஞாயிறு மாலையில் வீட்டிலுள்ள முதியவரை அமரச் செய்து அவர் சொல்லை அவர் மொழியிலேயே எழுதிக்கொள்ளலாம். பழைய படத்தின் பின்புறம் பெயர்களை எழுதி, ஐயமுள்ள பெயருக்கு ஐயக்குறி இடலாம். சொன்னவர் யார், எந்நாளில் சொன்னார் என்று குறிக்கலாம். பள்ளி விடுமுறையில் கோலாலம்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒருநாள் செலவிடலாம். சிங்கப்பூர்த் தேசிய நூலகம் மின்வடிவில் வைத்துள்ள தமிழ் முரசின் பழைய இதழ்களைப் புரட்டலாம். 1924-இல் தொடங்கிக் கோலாலம்பூரில் நடந்த தமிழ் நேசன் 2019-இல் நின்றுவிட்டது. அதன் பழைய தாள் எவர் வீட்டுப் பரணில் இருந்தாலும் அதனைக் காத்தல் வேண்டும். இரண்டு கூற்றுகள் மாறுபட்டால் இரண்டையும் எழுதி வைக்க வேண்டும். தீர்ப்புக் கூற அடுத்த தலைமுறை உண்டு.

ஏட்டில் ஓரெழுத்துச் சிதைந்த இடத்தைச் சாமிநாதையர் புள்ளியிட்டுக் காட்டினார். தாமாக ஒரு சொல்லைக் கட்டி நிரப்பவில்லை. தெரியாத பூட்டனுக்கும் அவ்வாறே ஓர் இடம் விட்டு வைக்கலாம். வெற்றிடமாயினும் அங்கே ஒருவர் இருந்தார் என்பதை அது சொல்லும்.