ஏணியும் மாடமும்: இலத்தீன் கற்பிக்கும் இரு நூல்கள்

ஒரு மொழியைக் கற்பது வேறு. அம்மொழியில் இலக்கியம் படிப்பது வேறு. முன்னது ஏணி, பின்னது மாடம். ஏணியின் படிகளை எண்ணி எண்ணிப் பார்த்துவிட்டு, மாடத்தில் கால் வையாமலே இறங்கிவிடுவோர் எந்நாட்டிலும் உளர். பல்கலைக்கழகத்தில் இலத்தீனை அரிச்சுவடியிலிருந்து தொடங்கும் மாணாக்கர் நிலை இதற்கு நல்ல சான்று.

இலத்தீன் அறியாதார் ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் நுழையவே இயலாத காலம் ஒன்று இருந்தது. 1960-ஐ ஒட்டி அவ்விதி நீங்கிற்று. பள்ளிகளில் இலத்தீன் சுருங்கச் சுருங்க, அதன் அரிச்சுவடியையும் பல்கலைக்கழகமே கற்பிக்க வேண்டியதாயிற்று. கேம்பிரிட்ஜில் இலத்தீன் அறியாது வருவோர்க்கு ஓராண்டு கூட்டி நான்காண்டுப் படிப்பு அமைத்துள்ளனர். பள்ளிப்பிள்ளை பல்லாண்டு மெல்ல ஏறிய படிகளை இவர்கள் ஓரிரு ஆண்டில் ஏறியாக வேண்டும். இத்தகையோர் கையில் எந்நூலைக் கொடுப்பது? இவ்வினாவுக்கு விடையாக நிற்கும் இரண்டு நூல்களை இங்கே எடை போட்டுப் பார்ப்போம்.

முதலாவது, அமெரிக்கரான ஃபிரெடரிக் வீலாக் 1956-இல் வெளியிட்ட நூல். இரண்டாம் உலகப்போரிலிருந்து மீண்ட வீரர்கள் அரசின் உதவியால் கல்லூரிக்கு வந்தபோது, புரூக்ளின் கல்லூரியில் அவர்களுக்குக் கற்பித்த பட்டறிவில் பிறந்தது இது. மொத்தம் நாற்பது பாடங்கள். ஒவ்வொன்றிலும் இலக்கண விதி, சொற்பட்டியல், பின்னர் பண்டை ஆசிரியர்களிடமிருந்து எடுத்த தொடர்கள் வரும். முதிர்ந்த மாணாக்கரை மழலையாக எண்ணாமல், தொடக்க வாரங்களிலேயே சிசரோவின் அவையில் அமரச் செய்கிறார் வீலாக். இஃது அவர் பெருமை. ஆயின் அத்தொடர்கள் ஒன்றோடொன்று உறவற்ற உதிரிப்பூக்கள். மாணாக்கர் அவற்றை விடுகதைபோல் அவிழ்க்கக் கற்கிறாரேயன்றி, ஒரு பக்கத்தை ஒழுகப் படிக்கக் கற்பதில்லை.

மற்றொன்று, டென்மார்க் நாட்டவரான ஹான்ஸ் ஹென்னிங் ஓர்பெர்க் 1955-இல் முதன்முதல் வெளியிட்டுப் பின்னர் திருத்தியமைத்த நூல். இதன் முதற்பகுதி முப்பத்தைந்து அதிகாரங்களில் ஓர் உரோமானியக் குடும்பத்தின் கதையைக் கூறுவது. முதல் வரியிலிருந்தே இலத்தீனன்றி வேறு மொழி இல்லை. நிலப்படமும் ஓரத்துச் சித்திரங்களும் பொருளை உணர்த்த, ஒவ்வொரு சொல்லும் கதையோட்டத்திலேயே விளங்கிவிடுகிறது. விதி பின்னர் வருகிறது. வழக்கு முன்னர் வந்துவிடுகிறது. குறையும் உண்டு. நூறு அடிமைகள் கொண்ட அவ்வீட்டில், அடிமையின் திருட்டும் ஓட்டமும் நகைச்சுவையாகவே செல்கின்றன; அந்நகையின் அடியில் உள்ள கொடுமையை ஆசிரியர்தாம் மாணாக்கர்க்கு எடுத்துக்காட்ட வேண்டும். இரண்டாம் பகுதியோ திடீரெனச் செங்குத்தாகி மூச்சு முட்ட வைக்கிறது.

இவ்விரண்டனுள் எது சிறந்தது என்பதைச் சொல்முறையே தீர்ப்புச் செய்யும். 'கனிஸ் புவெரும் மோர்தெத்' என்றால் 'நாய் சிறுவனைக் கடிக்கிறது' என்பது பொருள். முதலிரு சொற்களை இடம் மாற்றினும் பொருள் மாறாது. 'புவெரும்' என்பதன் ஈறே நம் ஐகார உருபின் வேலையைச் செய்கிறது. ஆங்கிலேயர் இடர்ப்படும் இவ்விடத்தில் தமிழர் இயல்பாக நடப்பர். ஆயின் இலத்தீனில் அடைமொழியும் உருபு ஏற்கும். ஆதலின் அடியின் தொடக்கத்தில் அடைமொழியை நிறுத்தி, அதற்குரிய பெயரை அடியின் இறுதியில் வைத்தல் அக்கவிஞர்க்கு எளிது. 'நல்ல' என்னும் நம் அடைமொழிக்கோ அவ்வுரிமை இல்லை. இங்கே நாமும் திகைப்போம்.

திகைத்த மாணாக்கர் என்ன செய்வர்? வினையைத் தேடுவர், எழுவாயைத் தேடுவர், சொற்களைப் பொறுக்கிச் சேர்ப்பர். நன்னூலார் கூறும் எண்வகைப் பொருள்கோளுள் கொண்டுகூட்டு ஒன்று மட்டுமே; இவர்களோ எல்லாவற்றையும் கொண்டுகூட்டாக்கி விடுவர். கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் கார்டனர் ஹேல் 1887-இலேயே இதனைக் கண்டித்தார். உரோமானியன் கேட்ட முறையிலேயே சொற்களை ஏற்று, எஞ்சியதற்குக் காத்திருக்கப் பழக வேண்டும் என்பது அவர் கொள்கை.

வர்ஜிலின் ஈனிட் காப்பியத்தில் இதன் பயன் விளங்கும். அதன் முதற்சொல் படைக்கலத்தைச் சுட்டும். இரண்டாம் சொல் ஆடவனைச் சுட்டும். பாடுகின்றேன் என்னும் வினை அவற்றின் பின்னரே வரும். போர் என்றதும் ஹோமரின் இலியட் நினைவில் எழும். ஆடவன் என்றதும் ஒடிசி எழும். கிரேக்கப் பெருங்காப்பியம் இரண்டையும் ஒருங்கே ஏற்கத் துணிந்தவன் இவன் என்பது, வினை வருமுன்னரே கேட்போர்க்குத் தெரிந்துவிடுகிறது. வினையைத் தேடி முன்னே ஓடுபவர் இச்சுவையை இழப்பர்.

ஆதலின் நம் தீர்ப்பு இது: முதலாண்டில் ஓர்பெர்க்கின் கதை கையிலிருக்கட்டும், வீலாக்கின் வாய்பாடுகள் அருகிலிருக்கட்டும். இரண்டும் முடிந்த பின்னரும் துணை வேண்டும். நமக்கு நச்சினார்க்கினியர்போல், வர்ஜிலுக்குச் செர்வியுஸ் என்னும் பழைய உரையாசிரியர் உளர். உரையோடு மூலத்தைப் படிப்பதே உயர்நிலைக் கல்வி.

2021-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம், கிரேக்க உரோமானியச் செவ்வியல் பாடத்தை முதன்மையாகக் கொள்வோர்க்கு இலத்தீனோ கிரேக்கமோ கட்டாயம் என்னும் விதியை நீக்கிற்று. பள்ளியில் அம்மொழிகளைப் பயிலும் வாய்ப்பற்றோர்க்குக் கதவைத் திறக்கும் நோக்கம் பாராட்டத்தக்கதே. எனினும் கீழிருந்தே மாடத்தைக் காணலாம் என்பதைவிட, எல்லோர்க்கும் ஏணி வைப்பதே மேலான ஈகை என்பது நம் கருத்து.

இவ்வாறு கூற நமக்கோர் உரிமையும் உண்டு. இலத்தீனே தமிழுக்கு ஏணியாக நின்ற காலம் இருந்தது. சீகன்பால்குவின் தமிழ் இலக்கணம் 1716-இல் ஹாலே நகரில் இலத்தீனில் அச்சாயிற்று. வீரமாமுனிவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறிற்று. குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் அவர் இலத்தீனில் பெயர்த்தார். ஆயினும் பெயர்ப்போடு அவர் நின்றாரல்லர். முப்பது வயதளவில் தமிழைத் தொடங்கியவர், தேம்பாவணி பாடும் அளவுக்கு ஏறினார்.

அயல் மாநிலங்களில் வாழும் நம் பிள்ளைகள் பலர், பிற எழுத்தில் எழுதிவைத்துக் குறளை ஒப்புவிக்கின்றனர். அதன் பொருளை ஆங்கிலத்தில் அறிகின்றனர். அதுவும் ஒரு படிதான், இழிவன்று. ஆனால் அதுவே மாடம் என்று அவர்கள் எண்ணிவிடாதிருக்க, அடுத்த படியை நாம் வைக்க வேண்டும். முன்பின் அறியாத இலத்தீனை இருபது வயதில் தொடங்கி வர்ஜிலை எட்டுவோர் இருக்க, வீட்டில் தாய் பேசும் மொழியில் வள்ளுவரை எட்டுவது நம் பிள்ளைகட்கு அரிதோ?