பத்திரிகையும் நூலும் பாடசாலையும்: கண்டி சித்திலெப்பையின் எழுத்துப்பணி பற்றிய ஒரு மதிப்பீடு

ஈழத்துத் தமிழ் நாவலின் வரலாற்றை எழுதப் புகுவோர், முகம்மது காசிம் சித்திலெப்பை 1885 இல் வெளியிட்ட 'அஸன்பேயுடைய கதை'யைக் குறிப்பிடாது செல்வதில்லை. ஆயின், அக்குறிப்பு பெரும்பாலும் இரண்டு வாக்கியங்களில் முடிந்துவிடுகின்றது. ஈழத்தவர் ஒருவர் எழுதிய முதற் தமிழ் நாவல் இதுவே என்பது ஒன்று; கதை ஈழத்தில் நிகழவில்லையாதலின் மண்வாசனை அற்றது என்பது மற்றொன்று. முதல் வாக்கியம் நூலுக்கு ஓர் ஆசனம் அளிக்கின்றது; இரண்டாவது அதனை அவ்வாசனத்திலேயே இருத்திவிட்டு அப்பாற் செல்கின்றது. நூலைப் படிக்கவேண்டிய தேவை இவ்விரண்டுக்குமிடையே மறைந்துவிடுகின்றது.

முதன்மை பற்றிய வினாவை நாம் இங்கு விரிக்கவில்லை. 1856 இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த 'காவலப்பன் கதை' ஆங்கிலக் கதையொன்றின் தமிழாக்கமாதலால், சொந்தப் படைப்பு என்ற வகையிற் சித்திலெப்பையின் நூலையே முதலில் வைப்பது ஆய்வாளர் மரபு. நாம் எழுப்ப விரும்பும் வினா வேறு. கண்டியிலே பிறந்து, கண்டியிலே தொழில் புரிந்து, கண்டியிலே பத்திரிகை தொடங்கிய ஒருவர், தம் நாவலிற் கண்டியை ஏன் காட்டவில்லை? இவ்வினாவுக்கு விடை காணவேண்டுமாயின், அவருடைய நாவலை அவருடைய ஏனைய பணிகளினின்றும் பிரித்து வைத்துப் பார்க்கும் வழக்கத்தை முதலிற் கைவிடல் வேண்டும்.

சித்திலெப்பை 1838 இற் கண்டியிற் பிறந்தவர். தந்தையாரைப் போன்று சட்டத்துறையிற் புகுந்து புறொக்டராகக் கடமையாற்றியவர். கண்டி மாநகரசபையிலும் இடம்பெற்றவர். 1882 டிசம்பர் 21 ஆம் நாள் 'முஸ்லிம் நேசன்' என்னும் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். மூன்றாண்டுகளின் பின் நாவல் வந்தது. கண்டியிலும் பிற இடங்களிலும் பாடசாலைகளை நிறுவினார். அவற்றுக்கு வேண்டிய பாடநூல்களை எழுதினார். பின்னர் 'ஞானதீபம்' என்னும் மாத சஞ்சிகையை நடத்தினார். ஞானநெறி பற்றிய 'அஸ்றாறுல் ஆலம்' அவருடைய இறுதிக் காலத்து நூல். 1898 இற் காலமானார்.

இப்பணிகளை நம் ஆய்வாளர் மூன்றாகப் பங்கிட்டுக்கொண்டனர். பத்திரிகை வரலாறு எழுதுவோர் 'முஸ்லிம் நேச'னையும், இலக்கிய வரலாறு எழுதுவோர் நாவலையும், கல்வி வரலாறு எழுதுவோர் பாடசாலைகளையும் எடுத்துக்கொண்டனர். எம் கருத்தில் இவை மூன்றும் ஒரே முயற்சியின் மூன்று முகங்களாம். வாசகன் ஒருவனை உருவாக்குதல் என்பதே அம்முயற்சி.

அக்கால நிலையை நோக்குமிடத்து இது தெளிவாகும். கத்தோலிக்க, புரட்டஸ்தாந்து மிஷன் பாடசாலைகளே நவீன கல்விக்கு வாயில்களாக இருந்த காலம் அது. மதமாற்றம் பற்றிய அச்சத்தினால் முஸ்லிம் பெற்றோர் பலர் தம் பிள்ளைகளை அங்கு அனுப்பத் தயங்கினர். குர்ஆனை ஓதக் கற்ற பிள்ளை அரபு எழுத்தை அறிந்திருந்தது. அவ்வெழுத்தில் எழுதப்பெற்ற அரபுத் தமிழ் நூல்களையும் படிக்க வல்லதாயிருந்தது. ஆயின், உலகில் நேற்று நடந்ததை இன்று அறிந்து, அதுபற்றி ஒரு கருத்துக் கொள்ளுதல் என்பது வேறு வகையான வாசிப்பு. செய்திப் பத்திரிகை எதிர்பார்ப்பது அத்தகைய வாசிப்பையே. சந்தாதாரர் பட்டியலை எழுதுவதற்கு முன் சந்தாதாரரையே ஆக்கவேண்டிய நிலையிற் பத்திரிகை தொடங்கியவர் சித்திலெப்பை. பத்திரிகாசிரியர் பாடசாலை திறந்ததும், பாடசாலை திறந்தவர் கதை எழுதியதும் இத்தேவையிலிருந்து பிறந்தனவே.

இனி, பத்திரிகை தொடங்கிய ஆண்டைக் கருதுவோம். 1882 ஜூலையிற் பிரித்தானியக் கடற்படை அலெக்சாந்திரியா நகரைப் பீரங்கியால் தாக்கியது. செப்டெம்பரில் தெல்-எல்-கெபீர் என்னுமிடத்தில் அறாபி பாஷாவின் படை தோல்வியுற்றது. நாடுகடத்தப்பெற்ற அறாபி பாஷாவும் அவருடைய தோழர் அறுவரும் 1883 ஜனவரியிற் கொழும்பில் வந்திறங்கினர். இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடைப்பட்ட மாதங்களிலேதான் 'முஸ்லிம் நேசன்' தோன்றியது. அறாபி பாஷாவுடன் சித்திலெப்பை நெருங்கிப் பழகினார் என்பதும், பாஷா தம் இலங்கை வாழ்வின் பிற்கூற்றைக் கண்டியிலே கழித்து 1901 இல் எகிப்து மீண்டார் என்பதும் யாவரும் அறிந்தவை. ஆகவே, கண்டி முஸ்லிம் வாசகனுக்கு அக்காலத்து எகிப்து தொலைவான கற்பனைத் தேசமன்று. செய்தியில் வந்த நாடு. அதன் தலைவர்கள் தன் தீவிலேயே கைதிகளாக வாழ்ந்தனர்.

நாவலின் கதைப்போக்கு இப்பின்னணியிற் புதிய பொருள் பெறுகின்றது. எகிப்தில் உயர்குடியிற் பிறந்த அஸன் குழந்தையாக இருக்கையிற் கடத்தப்படுகின்றான், பம்பாயில் வளர்கின்றான், கல்கத்தா சென்று உயர்ந்தோர் நட்பைப் பெறுகின்றான், ஈற்றில் எகிப்து சேர்ந்து பெற்றோரை அடைந்து, 'பே' என்னும் பட்டமும் பெறுகின்றான். கெய்ரோ, பம்பாய், கல்கத்தா ஆகிய இந்நகரங்களின் வரிசை தற்செயலானதன்று. 1869 இற் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்ட பின்னர்க் கப்பலும் தபாலும் செய்தியும் சென்ற வழியும் இதுவேயாம். பழைய கிஸ்ஸாக்களிலும் வீரன் தேசம் விட்டுத் தேசம் செல்வான். ஆயின் அத்தேசங்களுக்குக் கப்பற் பயணச்சீட்டு வாங்க இயலாது. அஸன் செல்லும் நகரங்களோ வாசகன் பத்திரிகையில் வாரந்தோறும் பெயரளவிற் காணத்தக்கவை. பத்திரிகை கற்பித்த பூகோளத்தையே நாவல் கதையாக நடத்திக் காட்டுகின்றது எனலாம்.

நூலின் நடையும் இதற்கிசைந்ததே. நிகழ்ச்சிகள் விரைந்து செல்கின்றன, வருணனை சுருங்கியது, செய்யுள் நடையின் சுமை இல்லை. முஸ்லிம் மக்களின் வழக்குச் சொற்கள் இயல்பாக வந்து அமைகின்றன. குறைகளும் இதே மூலத்தினின்றே வருவன. நடந்ததைக் கூறுவதில் ஆசிரியர் வல்லவர். நடந்தது ஒருவனுடைய உள்ளத்தில் என்ன செய்தது என்பதை நின்று நோக்க அவருக்குப் பொறுமை இல்லை. நல்லோர் நல்லோராகவே இருக்கின்றனர். தீயோர் தீயோராகவே ஒழிகின்றனர். அஸன் இடம் மாறுகின்றான், மனம் மாறுவதில்லை. இக்குறையை, 'முதல் முயற்சி' என்று கூறி மன்னித்துவிடுதல் திறனாய்வாகாது.

இதனினும் முக்கியமான ஒரு முரண்பாடு நூலில் உண்டு. ஆசிரியர் பிரித்தானிய நீதிமன்றத்திற் கடமையாற்றியவர். அரசின் விசுவாசமுள்ள பிரசை. அதே வேளை, அவ்வரசினால் தோற்கடிக்கப்பட்ட எகிப்தியத் தலைவரிடம் பேரன்பு பூண்டவர். நடைமுறையில் இவ்விரண்டையும் ஒருங்கே வைத்திருத்தல் எளிதன்று. கதையிலோ அது எளிதாகிவிடுகின்றது. பிரித்தானிய இந்தியாவில் மதிப்புப் பெற்ற அஸன் தடையின்றி எகிப்திலும் மதிப்புப் பெறுகின்றான். அறாபி பாஷா எகிப்தினின்று வெளியேற்றப்பட்டு இங்கு வந்தார். அஸனோ வெளியேற்றப்பட்டவனாயினும் எகிப்துக்கே மீள்கின்றான். வரலாறு மறுத்த முடிவைக் கதை அளித்தது. அவ்வகையில் இந்நாவல், அதன் ஆசிரியர் வெளிப்படையாக எழுத இயலாத ஒரு தலையங்கமாகும் என்று நாம் கருதுகின்றோம்.

எனினும், இவ்விளக்கம் நூலுக்கு முழு விடுதலை அளிக்காது. 1885 இற் கண்டி எவ்வாறிருந்தது? 1869 முதல் இலைநோய் பரவி, கோப்பிச் செய்கை அழிந்துகொண்டிருந்தது. 1884 இல் ஒறியன்டல் வங்கி முறிந்தது. தோட்டங்கள் கைமாறின, கோப்பி நின்ற மலைகளிற் தேயிலை ஏறத்தொடங்கியது. தென்னிந்தியத் தொழிலாளரும், அவர்களை நம்பியிருந்த கண்டி நகரத்துச் சிறு வணிகரும் அடைந்த இடர் கொஞ்சமன்று. அவ்வணிகருள் முஸ்லிம்களும் பலர். நாவலாசிரியரின் வாயிலுக்கு வெளியே நிகழ்ந்த இவை எவையும் நாவலினுள் இல்லை. தமிழில் இப்பொருளை எழுத முன்மாதிரி இல்லை என்றும் கூறவியலாது. ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' 1869 இலேயே வெளிவந்துவிட்டது. தோட்டத்துரைமாரின் நோக்கிலேனும் கோப்பி மலை அங்கு செய்யுளாயிற்று.

இது சித்திலெப்பை ஒருவருடைய குறையன்று என்பதும் மனங்கொளத் தக்கது. 1891 இல் வெளிவந்த இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை' ஐரோப்பியக் கதையொன்றைத் தழுவியது. 1895 இல் வந்த திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' தமிழக நாயக்கர் காலத்தை நாடியது. தம் காலத்து ஈழத்து வீட்டினுள் நாவலை நிலைக்கச் செய்த படைப்புகளுள் மங்களநாயகம் தம்பையாவின் 'நொறுங்குண்ட இருதயம்' குறிப்பிடத்தக்கது. அது வந்தது 1914 இல். தொலைவானதே எழுதத் தகுதியுடையது, அண்மையானது யாவரும் அறிந்ததே என்ற எண்ணம் அக்காலத்து எழுத்தாளரிடையே பொதுவாக இருந்தது போலும். செய்திப் பத்திரிகையும் இவ்வெண்ணத்துக்குத் துணைபுரிந்திருத்தல் கூடும். வெளியூரிலிருந்து வருவதே செய்தி எனப்பட்டது.

சித்திலெப்பை கண்டியை எழுதவில்லை. ஆயின் கண்டியிற் செயற்பட்டார். நாவலிற் காணப்படாத நகரம் அவருடைய பாடசாலைகளிற் காணப்படுகின்றது. பெண்கள் கல்வியைப் பலர் ஐயுற்ற காலத்திற் சகோதரியாரின் துணையோடு கண்டியிற் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை அமைத்தார். 1892 இற் கொழும்பு மருதானையில், வாப்பிச்சி மரைக்காருடனும் அறாபி பாஷாவின் ஆதரவுடனும் அவர் தோற்றுவித்த மத்றஸாவே பின்னர் சாஹிறாக் கல்லூரியாக வளர்ந்தது. அச்செழுத்தை நம்பிய ஒருவர், அதனைப் படிக்கும் கண்களையும் தாமே தேடிச் சென்றார் என்பதற்கு இவை சான்றாவன.

கண்டியின் சுற்றுப்புறத்து மலைகள் பத்திரிகையிலும் நூலிலும் இடம்பெற மேலும் நாற்பது ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது. 1920களில் 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய பத்திரிகைகளை நடத்திய கோ. நடேசய்யர், ஹட்டனைத் தளமாகக் கொண்டு தொழிலாளர்க்கென எழுதியும் அச்சிட்டும் பேசியும் அப்பணியைச் செய்தார். அவரும் ஒருகாலத்தில் ஆசிரியத் தொழில் புரிந்தவரே. அவருடைய எழுத்தில் இலக்கிய நயம் குறைவெனக் கூறுவோர் உளர். ஆயின், தன் வாசகனின் இடரையே தன் பொருளாகக் கொண்ட எழுத்து அது. சித்திலெப்பை வாசகனை உருவாக்கினார். நடேசய்யர் வாசகனைப் பற்றியே எழுதினார். முன்னையது நிகழாமற் பின்னையது நிகழ்ந்திராது என்று வரன்முறையாக நிறுவ இயலாவிடினும், மலைநாட்டுத் தமிழ் எழுத்தின் கதையை இவ்விருவரையும் அருகருகே வைத்தே தொடங்குதல் பொருத்தமாகும்.

ஆகவே, 'அஸன்பேயுடைய கதை'யை மண்வாசனை அற்றது எனத் தள்ளுவதும், முதல் நாவல் எனப் போற்றி மூடிவைப்பதும் ஒரே தவற்றின் இருவேறு வடிவங்களே. அதனை ஒரு பத்திரிகாசிரியரின் நூலாக, ஆசிரியர் ஒருவரின் நூலாகப் படித்தல் வேண்டும். அவ்வாறு படிக்கும்போது அதன் பெருமை குறைவதில்லை. அதன் மௌனங்களும் நமக்குக் கேட்கத் தொடங்குகின்றன. அம்மௌனங்களுட் பெரியது கண்டி நகரமே.