தொண்டூழியம்: யார் சொல்ல வேண்டிய சொல்?

ஜொகூர் பாருவில் ஒரே வேலைக்கு மூன்று பெயர்கள் காதில் விழும். சிங்கப்பூரின் ஒலி 96.8ஐத் திறந்தால் 'தொண்டூழியர்'. தமிழ்நாட்டுச் செய்திச் சேனலில் 'தன்னார்வலர்'. கோயில் வளாகத்தைச் சுத்தம் செய்யக் கூப்பிடும் அண்ணன் இரண்டையும் விட்டுவிட்டு, "ஞாயித்துக்கிழமை கோத்தோங் ரோயோங் இருக்கு, வந்துருங்க" என்பார். மூன்றும் ஒன்றுதான் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை.

தொண்டூழியத்தைப் பிரித்துப் பாருங்கள். தொண்டு என்பதற்கு அடிமைத்தனம் என்றும் பழைய பொருள் உண்டு. அடியவர்கள் இறைவனுக்குத் தாமாகவே அடிமையானதால் அந்தச் சொல் உயர்ந்தது. பெரியபுராணத்தின் இன்னொரு பெயர் திருத்தொண்டர் புராணம். ஊழியத்தின் கதை வேறு. திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியினரிடம் கூலி கொடுக்காமல் வாங்கிய கட்டாய வேலைக்கு ஊழியம் என்றே பெயர். சோழர் காலக் கல்வெட்டுகளில் இப்படிப்பட்ட வேலை 'வெட்டி'. இன்று "வெட்டியா சுத்துறான்" என்று திட்டுகிறோமே, அதே சொல்தான். ஆக, தொண்டூழியம் என்ற ஒரே சொல்லுக்குள் விரும்பிச் செய்ததும் இருக்கிறது, பிடுங்கிக்கொண்டதும் இருக்கிறது.

மலாய்க்காரர்களின் 'சுக்காரெலா'வில் இந்தச் சிக்கல் இல்லை. சுக்கா என்றால் விருப்பம், ரெலா என்றால் சம்மதம். நம் 'தன்னார்வ'மும் அப்படித்தான், செய்பவரின் மனசை முன்னால் வைக்கிறது. கோத்தோங் ரோயோங்கில் கொடுப்பவர், பெறுபவர் என்ற பிரிவே கிடையாது. சுத்தமாகும் கோயில் எல்லாருக்கும் பொது. ஆனால் வராதவரைப் பற்றி மறுநாள் பேச்சு எழும். சம்மதம் அங்கேயும் முழுசாக இல்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. நம் இலக்கிய நிகழ்ச்சிகளில் அட்டை வடிவமைப்பது, பிழை திருத்துவது, காணொளி வெட்டுவது எல்லாம் பெரும்பாலும் இளையவர்கள் தலையில்தான் விழுகிறது. சம்பளம் கேட்டால், "தமிழுக்குச் செய்யற தொண்டுக்குக் காசா தம்பி?" என்று பதில் வரும். நானும் கேட்டிருக்கிறேன். கேள்வியில் அன்பு இருக்கும், மறுக்கத்தான் இடம் இருக்காது.

என் கட்சி இதுதான். தொண்டு என்ற சொல்லைச் செய்பவர் சொல்லலாம். வேலை வாங்குபவர் அதைச் சொன்னால் தொண்டு உதிர்ந்து ஊழியம் மட்டும் மிஞ்சுகிறது. அச்சகத்துக்காரரிடம் யாரும் தமிழ்த்தொண்டு கேட்பதில்லை. பில்லைக் கேட்கிறார்கள், கட்டுகிறார்கள்.