ஜிம் டிக்சனின் நல்லூழ்

கிங்ஸ்லி ஏமிஸ் எழுதிய ‘லக்கி ஜிம்’ என்னும் ஆங்கில நாவல் 1954-இல் வெளிவந்தது. சிரிப்பு நாவல் என்றே பலரும் அதைப் போற்றி வந்துள்ளனர். சிரிப்பு உண்டு, ஐயமில்லை. அச்சிரிப்பின் அடியில் கிடப்பதோ ஒரு விரிவுரையாளனின் வயிற்றுப்பாட்டுக் கவலை.

இலண்டனுக்கு வெளியே, பெயர் கூறப்படாத ஒரு பல்கலைக் கழகத்தில் ஜிம் டிக்சன் இடைக்கால வரலாறு கற்பிக்கிறான். அவன் வேலை இன்னும் உறுதிப்படுத்தப்படவில்லை. அடுத்த ஆண்டும் அது நீடிக்குமா என்பது பேராசிரியர் வெல்ச்சின் மனப்போக்கைப் பொறுத்தது. தொடக்கத்திலேயே வெல்ச் தாறுமாறாகக் காரோட்ட, டிக்சன் அஞ்சியபடி அருகில் அமர்ந்திருக்கிறான். உயிரும் வேலையும் ஒரே கையில்! வெல்ச் வீட்டு இசைக் கூட்டத்துக்குப் போகிறான். அவர் ஏவும் நூலக வேலைகளை ஏற்கிறான். எதிரே புன்னகைத்து, மறைவில் முகத்தைக் கோணுகிறான். பதினைந்தாம் நூற்றாண்டுக் கப்பல் கட்டுந்தொழிலைப் பற்றிய அவனது கட்டுரை அவனுக்கே பிடிக்காதது. வேலை நிலைக்க ஏதேனும் அச்சேற வேண்டுமே! அதையும் ஒருவன் திருடிவிடுகிறான். பதவி நிலையற்ற இடத்தில் கல்வியும் பொய்யாகிவிடுவதை இத்துணை எளிமையாகக் காட்டிய நூல்கள் சிலவே. ஏமிஸும் ஸ்வான்சியில் விரிவுரையாளராக இருந்தவர், அறிந்தே எழுதினார்.

முடிவுதான் ஏமாற்றம். பொதுச் சொற்பொழிவில் குடிமயக்கத்தால் உளறி வேலையிழக்கும் டிக்சனுக்குச் செல்வரான கோர்-அர்க்கர்ட் இலண்டனில் வேலை தந்துவிடுகிறார். (அம்மயக்கத்தில் அவர் ஊற்றிக் கொடுத்த விஸ்கிக்கும் பங்குண்டு!) செல்வர் வந்து சேராத டிக்சன்களின் கதி என்ன? பிரிட்டனில் பல்கலைக் கழக ஆசிரியர் சங்கம் 1919 முதலே இருந்தது. டிக்சன் அதன் கதவைத் தட்டவில்லை. ஏமிஸ் கண்ட மனிதன் தனியன். பலர் சேர்ந்து நிற்பது அவர் நகைச்சுவைக்கு ஒத்து வரவில்லை போலும்.

அந்நாட்டின் பிற்கால வரலாறோ வேறு வழியில் சென்றது. 1988-ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தச் சட்டம், புதிதாக அமர்த்தப்படுவோருக்கு நிலையான பதவிப் பாதுகாப்பை நீக்கிற்று. குறுங்கால ஒப்பந்தத்திலும் மணிக்கணக்குச் சம்பளத்திலும் கற்பிப்போர் பெருகினர். 2019 நவம்பரில் அறுபது பல்கலைக் கழகங்களில் எட்டு நாள் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. அடுத்த பிப்ரவரி, மார்ச் மாதங்களில் 74 பல்கலைக் கழகங்களில் பதினான்கு நாள். ஓய்வூதியம், ஊதியம், வேலைச்சுமை ஆகியவற்றோடு நிலையற்ற ஒப்பந்த வேலையும் கோரிக்கைகளுள் இருந்தது. பதவி உறுதியானவர்களும் சம்பளத்தை விட்டு வெளியே வந்து நின்றனர் என்பதே கருதத்தக்கது. டிக்சனின் உலகில் அத்தகைய துணை எவனுக்கும் வாய்க்கவில்லை. 2022-இல் குறைக்கப்பட்ட ஓய்வூதியப் பயன்கள் தொடர் போராட்டத்துக்குப் பின் 2024-இல் மீட்கப்பட்டன. ஒப்பந்த வேலையின் முடிச்சு அவ்வளவு எளிதாக அவிழவில்லை.