எண்ணாமல் விட்ட எலிகள்

வட அமெரிக்கப் புல்வெளிகளை மீட்பது பற்றி எழுதுகிறவர்கள் பிரெய்ரி நாய்க்கு ஒரு பட்டத்தைத் தவறாமல் சூட்டிவிடுகிறார்கள்: அச்சாணி இனம். பெயரில்தான் நாய், உண்மையில் வளை தோண்டிக் கூட்டமாக வாழும் தரையணில் வகை அது. அதைக் கொண்டுவந்து விட்டால் போதும், வளை ஆந்தை வரும், கருங்கால் ஃபெரெட் வரும், எலிகளும் முயல்களும் பெருகும், புல்வெளி தானாகப் பிழைத்துக்கொள்ளும் என்பது வாதம். இதில் எலிகளைப் பற்றிய பகுதியோடுதான் எனக்கு நெடுநாளாக வழக்கு.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மேய்ச்சல்காரர்களுக்காக அரசே நஞ்சு வைத்து அழித்த விலங்கு இது; அதைத் திருப்பிக் கொண்டுவருவது நியாயம். அதையே இரையாகக் கொண்ட கருங்கால் ஃபெரெட் அழிந்தேவிட்டது என்று எண்ணியிருந்தபோது, 1981இல் வயோமிங்கில் ஒரு சிறு கூட்டம் கண்ணில் பட்டது. அதில் கடைசியாக எஞ்சிப் பிடிபட்டவை 18. பிரெய்ரி நாய் இல்லாமல் அவற்றுக்கு வாழ்வில்லை. மெக்சிகோவின் ஹானோஸ் புல்வெளியில், நம் சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய உறவான மெஸ்கீட் புதர் பரவாமல் பிரெய்ரி நாய்கள் கடித்துக் கட்டுப்படுத்துகின்றன. திறந்த தரையை விரும்பும் கங்காரு எலிகளுக்கு அது லாபம். இவை எல்லாம் உண்மை.

ஆனால் பயன்பெறும் இனங்களின் பட்டியல்கள் நீள்கின்றன. பிரெய்ரி நாய்க் குடியிருப்புகளிலும் அருகிலும் காணப்பட்டதாக எழுதப்பட்ட 208 முதுகெலும்பி இனங்களை நட்டாஷா கோட்லியாரும் சக ஆய்வாளர்களும் 1999இல் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். பிரெய்ரி நாயைச் சார்ந்திருப்பதற்கு வலுவான சான்று இருந்தது 9 இனங்களுக்கு மட்டுமே. பட்டியல் போட்டவர்கள் அந்தப் பக்கமாகப் போன விலங்குகளையெல்லாம் சார்ந்து வாழ்பவற்றின் கணக்கில் சேர்த்திருந்தார்கள். அப்படிச் சேர்க்கப்பட்டவற்றில் அதிகம் ஏமாந்தவை சிறு பாலூட்டிகள்தான்.

பிரெய்ரி நாய் வாழ்வதே புல்லைக் கத்தரித்து. எதிரி வருவது தெரிய வேண்டும் என்பதற்காக, தான் தின்னாத உயர்ந்த செடிகளையும் கடித்துச் சாய்த்துவிடும். அந்த மொட்டைத் தரை மான் எலிக்கும் வெட்டுக்கிளி எலிக்கும் வசதி. வெட்டுக்கிளி எலி பூச்சிகளை வேட்டையாடும். ஓடித் திரிய அதற்கு வெற்று நிலம் வேண்டும். அறுவடை எலியின் பாடு வேறு. புல்லை உருட்டிப் பந்துபோலக் கூடு கட்டும் பிராணி அது. வோல் எலியோ காய்ந்த புல் மெத்தைக்கு அடியில் குறுகலான பாதை போட்டு, அதற்குள்ளேயே போய்வந்து வாழும். மெத்தையை எடுத்துவிட்டால் அதற்கு வீடும் இல்லை, வழியும் இல்லை. 'சிறு பாலூட்டிகளுக்கு நல்லது' என்ற வாக்கியத்தை நான் ஏற்க மறுப்பது இதனால்தான். எந்தச் சிறு பாலூட்டிக்கு?

நேருக்கு நேரான பகையும் உண்டு. ஆய்வாளர் ஜான் ஹூக்லாண்ட் கொலராடோவின் அரபஹோ வனவிலங்குக் காப்பகத்தில் 2007 முதல் 2012 வரை ஒன்றைக் கவனித்தார். வெள்ளைவால் பிரெய்ரி நாய் ஒரு வயோமிங் தரையணிலைத் துரத்தும், பிடிக்கும், உதறும், கடித்துக் கொல்லும். தின்னாது. பிணத்தைப் போட்டுவிட்டுப் பழையபடி மேயப் போய்விடும். அப்படிக் கண்ணால் கண்ட கொலைகள் மட்டும் 101. அப்படிக் கொன்ற பெண் நாய்கள் கொல்லாதவற்றைவிட அதிகக் குட்டிகளை ஆளாக்கின. பிரெய்ரி நாய்க்கும் தரையணிலுக்கும் ஒரே புல்தான் உணவு. போட்டியாளர் குறைந்தால் பலன் கிடைக்கிறது. பிரெய்ரி நாயின் இன்னோர் இனமான கருவாலுக்கு இதை அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனாலும் ஒரு காப்பகத்தில் தரையணில்கள் இருக்கின்றனவா என்று பார்க்காமல் அங்கே பிரெய்ரி நாயை இறக்குவது பொறுப்பான செயல் அல்ல.

'ஆதியில் பிரெய்ரி நாயும் எலிகளும் சேர்ந்தே வாழவில்லையா?' என்பார்கள். வாழ்ந்தன. டெக்சஸில் 25,000 சதுர மைலுக்குப் பரந்த ஒரே குடியிருப்பில் 40 கோடி பிரெய்ரி நாய்கள் இருந்ததாக 1905இல் ஆய்வாளர் வெர்னன் பெய்லி கணக்கிட்டு எழுதினார். ஆனால் அப்படிப்பட்ட குடியிருப்புகளுக்கு வெளியே உயர்ந்த புல் கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்தது. வோலும் அறுவடை எலியும் அங்கே பெருகின. இன்று விடுவிக்கும் இடங்கள் பல, வேலிக்கும் வயலுக்கும் நடுவே அகப்பட்ட துண்டு நிலங்கள். அந்தத் துண்டு முழுவதும் குடியிருப்பாகிவிட்டால் உயர்புல் எலிகள் ஒதுங்க இடம் எது? பழைய உலகத்தைக் காட்டி நியாயம் பேசுகிறவர்கள் அதன் பரப்பளவை விட்டுவிடுகிறார்கள்.

பிரெய்ரி நாயின் உயிருக்கே உலை வைப்பது பிளேக். 1900வாக்கில் கப்பல் வழியாக சான்பிரான்சிஸ்கோவுக்கு வந்து மேற்கு முழுவதும் பரவிய நோய். ஒரு குடியிருப்பில் நுழைந்தால் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகும். பிரெய்ரி நாய்க் குடும்பங்கள் தத்தம் எல்லைக்குள் அடங்கி வாழ்பவை. நோய் ஒரு குடும்பத்திலிருந்து அடுத்ததற்குத் தாவ ஒரு வாகனம் தேவை. கொலராடோவின் குறும்புல் வெளியில் அந்த வாகனம் வெட்டுக்கிளி எலி என்று 2010இல் டேனியல் சால்கெல்டின் குழு காட்டியது: அது எல்லை பார்க்காமல் வளைக்கு வளை அலைகிறது, தெள்ளுப்பூச்சியைச் சுமக்கிறது, அதன் எண்ணிக்கை ஓர் அளவைத் தாண்டினால் கொள்ளை வெடிக்கிறது. மொட்டைத் தரையில் பெருகும் அதே எலிதான் இது. எலிகளைக் கணக்கில் எடுக்காதவர்கள் பிரெய்ரி நாயின் நோயையும் கணக்கில் எடுக்கவில்லை என்றுதான் ஆகிறது. நோயைத் தடுக்க, வளைகளுக்குள் டெல்டாமெத்ரின் என்ற பூச்சிக்கொல்லித் தூளை ஊதுகிறார்கள். அது தெள்ளுப்பூச்சியை மட்டும் தேடிக் கொல்லும் மருந்தல்ல. பூச்சி தின்னும் எலிக்கு அதனால் என்ன ஆகிறது என்று வெற்றி அறிக்கை எழுதுகிறவர்களிடம் கேட்க விரும்புகிறேன்.

என் குறை இதுதான். விடுவித்த பிறகு பிரெய்ரி நாய்களை எண்ணுகிறார்கள், வளை வாய்களை எண்ணுகிறார்கள், ஃபெரெட்டை இரவில் விளக்கடித்துத் தேடி எண்ணுகிறார்கள். பிரெய்ரி நாய் வருவதற்கு முன் அங்கே எந்தெந்த எலி எத்தனை இருந்தது என்பது மட்டும் பல இடங்களில் எழுதப்படாமலே போகிறது. முன்கணக்கு இல்லாத இடத்தில் 'பெருகியது' என்ற சொல்லுக்குப் பொருளே கிடையாது. நியூ மெக்சிகோவின் செவியேட்டா காப்பகத்தைப் போல ஆய்வாளர்கள் கூடவே இருக்கும் இடங்கள் இதற்கு விலக்கு.

வேலையும் பெரிதல்ல. மடக்கினால் தட்டையாகிவிடும் அலுமினியப் பெட்டிப் பொறி, ஒரு பிடி ஓட்ஸ், குளிருக்குக் கொஞ்சம் பஞ்சு. மாலையில் வைத்து விடியலில் பார்த்தால், உள்ளே பஞ்சைச் சுற்றிக்கொண்டு ஓர் எலி உட்கார்ந்திருக்கும். எடை பார்த்து, அடையாளம் இட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம். நான்கு இரவுகள், பொறிகளில் பாதி விடுவிக்கும் நிலத்தில், பாதி விடுவிக்காத நிலத்தில். பின்பு ஆண்டுதோறும் அதே இடத்தில், அதே மாதத்தில்.

புதிதாக வரும் பிரெய்ரி நாய்கள் உயர்ந்த புல்லில் தங்காமல் ஓடிவிடும் என்பதால், விடுவிக்கும் முன் அந்த நிலத்தில் புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டுகிறார்கள். வோலின் பாதைகள் அன்றைக்கே வெயிலுக்குத் திறந்துகொள்கின்றன. பொறிகளை வைப்பதானால் அந்த இயந்திரம் வருவதற்கு முந்தைய வாரமே வைத்திருக்க வேண்டும்.